கறுவாவும் இலவங்கமும்: ஒரு சொல்லாய்வும் பொருளாய்வும்

1. தோற்றுவாய்

சொல்லாராய்ச்சி புலவர்க்கும் பொருளாராய்ச்சி அறிவியலார்க்கும் உரியன என்று பகுத்துக் கொள்வது இக்கால வழக்கம். இப்பகுப்பு பெரும்பாலும் இடர் செய்வதில்லை. ஆயினும், ஒரு பெயர் இரு பொருள்களைத் தழுவி நிற்க, அவற்றுள் ஒன்று அளவு மிகின் உடலுக்கு ஊறு செய்வதாயின், அப்பெயரின் வரையறை புலவர்க்கு மட்டுமன்றி உண்பார் அனைவர்க்கும் உரிய செய்தியாகின்றது. இதற்குத் தக்கதொரு சான்று, நாம் இன்று வாளா ‘பட்டை’ என வழங்கும் நறுமணப் பொருள்.

இப்பொருளின் பெயர்கள் தமிழில் எவ்வாறு மயங்கின, அம்மயக்கத்தை வேதியியல் எவ்வாறு தெளிவிக்கின்றது, அதன் எண்ணெய்க்குக் கூறப்படும் மருத்துவப் பயன்களுள் எவை நிறுவப்பட்டன, எவை நிறுவப்படாதன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்குரிய களமாக வடசென்னைத் துறைமுகப் பகுதியைக் கொள்வோம். பெயர் மயங்கிய இப்பொருள் கடல் கடந்து தமிழ் நிலத்தில் இறங்கும் வாயில்களுள் அது ஒன்றாதலின் என்க.

2. பெயர்கள்

தமிழில் இப்பொருளுக்குக் கறுவா, கருவா, இலவங்கப்பட்டை, பட்டை என்னும் பெயர்கள் வழங்குகின்றன. ஈழத் தமிழர் கறுவா என்றே வழங்குவர். கொழும்பு மாநகரின் ஒரு பகுதி இன்றும் கறுவாத்தோட்டம் என்றே பெயர் பெற்றுள்ளது. தமிழகத்துச் சமையற்கட்டில் இப்பெயர் அருகிவிட்டது. பட்டை என்னும் பொதுப்பெயரே சிறப்புப் பெயராய் நிலைத்துவிட்டது. மரத்தின் தோல் எதுவாயினும் பட்டையே. ஆயினும் ‘பட்டை, கிராம்பு, ஏலம்’ என அடுக்கிக் கூறுங்கால் இன்ன மரத்தின் பட்டை என வினவுவார் இலர். வடமொழியிலும் இவ்வாறே தோலெனப் பொருள்படும் ‘துவக்கு’ என்னும் சொல் இப்பட்டைக்குச் சிறப்புப் பெயராயிற்று.

இலவங்கம் என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சிக்கலுடையது. இச்சொல்லின் வடமொழி மூலம் கிராம்பையே குறிக்கும். தாம்பூலத்தோடு சேரும் ஐவகை வாசப் பொருள்களுள் ஒன்றாக எண்ணப்படும் இலவங்கமும் கிராம்பே எனக் கொள்ளத்தகும். அது பூமொட்டு, பட்டையன்று. எனினும் தமிழில் இச்சொல் கறுவா மரத்தையும் குறிக்கலாயிற்று. அகராதிகள் இருபொருளும் தருகின்றன. ‘பட்டை’ என்னும் சொல்லைச் சேர்த்து இலவங்கப்பட்டை எனக் கூறிய பின்னரே மயக்கம் நீங்குகின்றது. மொட்டும் பட்டையும் ஒரே பெயரை ஏற்றமைக்குக் காரணம் உண்டோ என்பதை வேதியியற் பகுதியிற் காண்போம்.

பிறமொழிப் பெயர்கள் சிலவும் நோக்கத்தக்கன. இந்தியில் வழங்கும் ‘தால்சீனி’ என்பது பாரசீகத்துத் ‘தார்சீனி’ என்பதன் திரிபு. ‘சீன மரம்’ என்பது அதன் பொருள். மலாய் மொழியில் ‘காயு மானிசு’ என்பர். ‘இனிய மரம்’ என்பது பொருள். முன்னது பொருள் வந்த திசையையும், பின்னது சுவையையும் காட்டுகின்றன. சீனத்துப் பட்டையும் இலங்கைப் பட்டையும் வேறென அறியாத மொழி, திசைப்பெயரை இரண்டற்கும் இட்டுவிடுகின்றது.

பேரறிஞர் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கண நூலில் இப்பொருள் பற்றிய குறிப்பொன்று உண்டு. பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த கிரேக்கராகிய தெசியாசு என்பார், இந்திய நாட்டு நறுமண மரம் ஒன்றை ‘கார்ப்பியோன்’ என்னும் பெயராற் குறித்தார். அச்சொல்லைக் கறுவாவின் திராவிடப் பெயரோடு கால்டுவெல் தொடர்புபடுத்தினார். தெசியாசு கூறும் மரத்தின் வருணனை கறுவாவோடு முற்றும் பொருந்தாமையின் வேறு மரம் கருதுவாரும் உளர். மேலும், பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், தமிழகத்து மேலைத் துறைகளினின்று சென்றதாகக் கூறுவது ‘மாலபத்ரம்’ என்னும் மணமுள்ள இலையே. காசியா என்னும் பட்டையை அந்நூல் ஆப்பிரிக்கக் கரையின் ஏற்றுமதியாகக் காட்டுகின்றது. வணிகர் பொருள் பிறந்த இடத்தை மறைத்தமையால் நூலாசிரியர் மயங்கினர் எனக் கொள்ள இடமுண்டு. பட்டையின் பிறப்பிடம் மறைபடுதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பது இதனாற் போதரும்.

3. மரங்கள்

தாவர நூலார் ‘சின்னமோமம்’ எனப் பெயரிட்ட பேரினத்துள் பல மரங்கள் அடங்கும். வணிகத்திற்கு வரும் பட்டைகள் பெரும்பான்மையும் நான்கு இனத்தின. முதலாவது, இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய ‘சின்னமோமம் வீரம்’. இதுவே மெய்க்கறுவா. இதனைச் ‘சின்னமோமம் சைலானிக்கம்’ என முன்னர் வழங்கினர். இரண்டாவது, சீனத்துச் ‘சின்னமோமம் காசியா’. மூன்றாவது, இந்தோனேசியத்துச் ‘சின்னமோமம் பர்மன்னி’. நான்காவது, வியட்நாமியச் ‘சின்னமோமம் லூரெய்ராய்’. பின்னைய மூன்றனையும் வணிகர் காசியா எனப் பொதுவாகக் கூறுவர்.

மெய்க்கறுவாவையும் காசியாவையும் கண்ணாலேயே வேறுபடுத்தலாம். கறுவாப் பட்டையின் புறத்தோலைச் சுரண்டி நீக்கிய பின் மெல்லிய உட்பட்டையை உரித்து, ஒன்றனுள் ஒன்றாகச் செருகிச் சுருட்டுவர். ஆகவே குறுக்கே ஒடித்து நோக்கின் தாளடுக்குப் போலப் பல மெல்லிய சுருள்கள் தோன்றும். நிறம் வெளிறிய பழுப்பு. விரலால் எளிதில் நொறுங்கும். காசியா தடித்தது, வன்மையானது, செம்பழுப்பு நிறத்தது. ஒற்றைச் சுருளாகவோ இருபுறமும் உள்நோக்கி வளைந்தோ காணப்படும். மணம் கடுமையானது. கறுவாவின் மணம் மென்மையும் இனிமையும் உடையது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மருந்துக் கடையார் அறியாதாரல்லர். மெய்க்கறுவாவைச் ‘சன்ன இலவங்கப்பட்டை’ என அவர் வழங்குவர். சன்னம் என்பது மெல்லியது எனப் பொருள்படும். ஒரே அடைமொழியால் தாவர நூலார் வரையும் எல்லையை இவ்வழக்கு வரைந்துவிடுகின்றது. இஃது ஈண்டுப் போற்றத்தக்கது.

4. வடசென்னைக் கடற்கரை

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கெல்திரியாக் கோட்டையை அமைத்தனர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. இக்கரையின் பருத்தித் துணியைக் கொண்டு சென்று கீழைத் தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றுவது அவர் வணிகத்தின் அடிப்படை. 1658-இல் போர்த்துக்கீசியரை இலங்கையினின்று முற்றும் நீக்கிய பின், கறுவா வணிகமும் அவர் தனியுரிமையாயிற்று. 1796-இல் இலங்கைக் கரை ஆங்கிலேயர் கைப்பட்டது. கறுவாத் தனியுரிமையை ஆங்கிலேய அரசு 1833-இல் கைவிட்டது. இவ்வாறு ஒரு மரத்தின் உட்பட்டைக்காக மூன்று ஐரோப்பிய இனத்தார் ஒருவரையொருவர் பின்பற்றி வந்தனர்.

இராயபுரம் இருப்புப்பாதை நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி அங்கிருந்தே புறப்பட்டது. அதனையடுத்த சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் அமைந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியது. இன்று வியட்நாம், சீனம், இந்தோனேசியம் ஆகிய நாடுகளினின்று இந்தியா பெருமளவிற் பட்டையை வாங்குகின்றது. அச்சரக்கு வந்திறங்கும் துறைகளுள் சென்னையும் ஒன்று.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட சுங்கப் பொருள் வகைப்பாட்டில் கறுவா 0906 என்னும் தலைப்பின் கீழ் வருகின்றது. அதனுள் மெய்க்கறுவாவுக்கு 0906.11 எனவும், ஏனைய பட்டைகளுக்கு 0906.19 எனவும் தனித்தனி எண்கள் உள்ளன. கிராம்புக்கு 0907 என்னும் வேறு தலைப்பு உண்டு. இந்திய உணவுத் தர விதிகளும் மெய்க்கறுவாவையும் காசியாவையும் இரு வேறு பொருள்களாகவே வரையறுக்கின்றன. ஆகவே, பெட்டகம் துறைமுகத்தில் இருக்கும் வரை இப்பொருள்களுக்குத் தனிப்பெயர் உண்டு. சரக்கு மூட்டையாகி மொத்தக் கடைக்கும், பொட்டலமாகிச் சில்லறைக் கடைக்கும் சென்றபின் அனைத்தும் ‘பட்டை’ என்னும் ஒரு பெயருள் ஒடுங்கிவிடுகின்றன. எண்ணில் இருந்த வேறுபாடு சொல்லில் இல்லாது போகின்றது.

5. எண்ணெயின் வேதியியல்

நறுமணப் பொருளின் மணம் அதன்கண் உள்ள ஆவியாகும் எண்ணெயால் அமைவது. இதனை வாலையிலிட்டு நீராவியால் வடித்தெடுப்பர். கறுவாப் பட்டை எண்ணெயின் தலைமைப் பொருள் ‘சின்னமால்டிகைடு’. இதன் கொதிநிலை ஏறத்தாழ 248 பாகை. நூறு பாகையில் கொதிக்கும் நீரோடு இஃது எவ்வாறு ஆவியாகி வரும் என்னும் ஐயம் எழலாம். ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களைச் சேர்த்துக் காய்ச்சுங்கால், இரண்டன் ஆவியழுத்தங்களும் ஒருங்கு கூடுகின்றன. கூடிய அழுத்தம் காற்றழுத்தத்தை எட்டியவுடன் கலவை கொதிக்கத் தொடங்குகின்றது. ஆதலின் நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே எண்ணெயும் சிறிது சிறிதாக உடன்வருகின்றது. இவ்வாறு பெருவெப்பமின்றி வடித்தலால் மணம் கெடுவதில்லை. பெரும்பாலான மண எண்ணெய்கள் நீரில் மிதக்க, பட்டை எண்ணெயும் கிராம்பெண்ணெயும் நீரினும் கனத்தனவாய் அடியில் தங்கும்.

சின்னமால்டிகைடை 1834-இல் தூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் எண்ணெயினின்று பிரித்தெடுத்தனர். 1854-இல் இத்தாலியராகிய கியோத்சா அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார். ஒன்பது கரிய அணுக்களும் எட்டு நீரக அணுக்களும் ஓர் உயிரக அணுவும் கொண்டது அதன் மூலக்கூறு. மரம் இதனைப் பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தினின்று படிப்படியாக ஆக்கிக்கொள்கின்றது. காற்றுப்பட நெடுநாள் வைத்தால் இஃது உயிரகத்தை ஏற்றுச் சின்னமிக அமிலமாக மாறும். எண்ணெயைச் சிறு குப்பியில் நிறைய ஊற்றி இறுக மூடி வைத்தற்குக் காரணம் இதுவே.

மெய்க்கறுவா மரத்தின் தனிச் சிறப்பு யாதெனின், அதன் மூன்று உறுப்புகள் மூன்று வேறு எண்ணெய்களைத் தருதலாம். தண்டின் பட்டையில் சின்னமால்டிகைடு மிகும். இலையில் யூஜினால் என்னும் பொருள் நூற்றுக்கு 70 பங்கும் அதற்கு மேலும் இருக்கும். வேர்ப்பட்டையில் கற்பூரம் மிகுந்து காணப்படும். இவற்றுள் யூஜினாலே கிராம்பெண்ணெயின் தலைமைப் பொருளும் ஆகும். கறுவா இலையைக் கசக்கி முகர்வார்க்குக் கிராம்பின் மணமே தோன்றும். இலவங்கம் என்னும் ஒரு பெயரை மொட்டும் மரமும் பங்கிட்டுக் கொண்டமை மேலே கூறப்பட்டது. அதற்கு இம்மண ஒற்றுமையே காரணம் எனத் துணிதற்குச் சான்றில்லை. ஆயினும் சொல்லால் நேர்ந்த மயக்கத்திற்கு இணையானதோர் உறவு பொருளிலும் அமைந்திருத்தல் எண்ணி இன்புறற்பாலது.

இலையெண்ணெய் விலை குறைந்தது. பட்டையெண்ணெய் விலை மிக்கது. ஆகவே முன்னதைப் பின்னதோடு கலத்தலும், செயற்கைச் சின்னமால்டிகைடைச் சேர்த்தலும் வணிகத்தில் உண்டு. முதற் கலப்பை யூஜினாலின் அளவு மிகுதலால் அறியலாம். இரண்டாவதை மூக்கால் அறிதல் அரிது. செயற்கைப் பொருளின் மூலக்கூறும் இயற்கைப் பொருளின் மூலக்கூறும் ஒன்றே. ஆயினும் கரியத்தின் அகவை இதனைக் காட்டிக் கொடுக்கும். அண்மையில் வாழ்ந்த மரத்தின் கரியத்தில் கதிரியக்கமுள்ள கரியம்-14 சிறிதளவு உண்டு. மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலை போன்றவை கையாளும் மண்ணெண்ணெய் மூலங்கள் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையின. அவற்றில் அது முற்றும் அழிந்திருக்கும். எனவே பெட்ரோலிய வழி வந்த பொருளைக் கலந்தால் கரியம்-14 குறைந்து காணும்.

6. கூமாரின்

காசியாவின் மருத்துவ ஆய்வில் முதன்மை பெறுவது கூமாரின் என்னும் பொருள். புதுவைக்கோலின் மணமுடைய இது 1820-இல் தோங்காக் கொட்டையினின்று பிரித்தெடுக்கப்பட்டது. மிகுதியாக உட்கொள்ளின் கல்லீரலுக்கு ஊறு செய்யும். அமெரிக்க அரசு 1954-இல் உணவில் இதனைச் சேர்த்தலைத் தடைசெய்தது. குருதி உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் என்னும் மருந்து கூமாரினின் வழித்தோன்றல். எனினும் கூமாரினுக்கு அச்செயல் இல்லை. இஃது இன்னொரு பெயர் மயக்கம் ஆகும்.

மெய்க்கறுவாவில் கூமாரின் இருப்பது மிகச் சிறிய அளவே. காசியாவில் அஃது எத்தனையோ மடங்கு மிகுதி. ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளத்தகும் எல்லையாக, உடலெடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதை ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம் 2004-இல் வரையறுத்து, 2008-இல் உறுதிசெய்தது. இதன்படி 60 கிலோ எடையுடையார்க்கு எல்லை 6 மில்லிகிராம். செருமனியின் இடர்மதிப்பீட்டு நிறுவனம் ஆராய்ந்தபோது, காசியாவில் கிராமுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் கூமாரின் சராசரியாகக் காணப்பட்டது. ஆகவே 2 கிராம் காசியாப் பொடியிலேயே அவ்வெல்லை நிரம்பிவிடும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரைக் கிராமே எல்லை.

குழம்பிலோ பிரியாணியிலோ ஒரு துண்டுப் பட்டையைத் தாளித்துப் பின் ஒதுக்கிவிடுவார்க்கு இதனால் அச்சமில்லை. நாள்தோறும் பொடியாக்கிக் கரண்டியளவில் உண்பார்க்கே இக்கணக்கு உரியது.

7. மருத்துவப் பயன்கள்

பட்டையெண்ணெய் நுண்ணுயிர்களை ஒடுக்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட உண்மை. சின்னமால்டிகைடு நுண்ணுயிரின் புறச்சவ்வையும் புரதங்களையும் தாக்குகின்றது. பாக்டீரியாவும் பூசணமும் குறைந்த செறிவிலேயே தடைப்படுகின்றன. உணவு கெடாமற் காத்தலிலும் வாய்க்கழுவு நீரிலும் இவ்வியல்பு பயன்படுகின்றது. ஆயினும், கண்ணாடித் தட்டில் நுண்ணுயிரை அழித்த பொருள் உடலினுள் சென்று நோயைத் தீர்க்கும் என முடிவு கட்டல் பொருந்தாது. குடலும் கல்லீரலும் அதனை விரைந்து சின்னமிக அமிலமாகவும் பிற பொருள்களாகவும் மாற்றிவிடுகின்றன.

இரண்டாவதாக, நீரிழிவு. 2003-இல் பாகிசுத்தானத்து ஆய்வொன்று பெரும் புகழ் பெற்றது. நீரிழிவுடையார் 60 பேருக்கு நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் அளவில் 40 நாள் பட்டைப்பொடி கொடுத்தபோது, வெறுவயிற்றுச் சர்க்கரை நூற்றுக்கு 18 முதல் 29 பங்கு வரை குறைந்ததாக அறிவித்தனர். அதன்பின் செய்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. 10 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குகொண்ட 577 பேரையும் கருதிய காக்ரேன் தொகுப்பாய்வு, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என 2012-இல் முடிவுரைத்தது.

இவ்விரு செய்திகளையும் முற்கூறிய கணக்கோடு வைத்து நோக்குக. நாள்தோறும் 6 கிராம் காசியா உண்பார் ஏறத்தாழ 18 மில்லிகிராம் கூமாரின் உண்பார் ஆவர். 60 கிலோ எடையுடையார்க்கு அஃது எல்லையின் மும்மடங்கு. நன்மை ஐயத்திற்குரியது, தீமையின் எல்லை அளந்தறியப்பட்டது. நீரிழிவு மிகுந்த நம் நாட்டில், ‘பட்டை நல்லது’ எனக் கேட்டுக் கடையில் பட்டை வாங்கிப் பொடித்து உண்பவர், தாம் உண்பது எந்தப் பட்டை என அறியார். அறிவிக்கும் சொல்லும் பொட்டலத்தின்மேல் இல்லை.

மூன்றாவதாக, எண்ணெயைப் பற்றியதோர் எச்சரிக்கை. பட்டையின் பயனையெல்லாம் எண்ணெய்க்கு ஏற்றிக் கூறல் தவறு. மேற்கூறிய நீரிழிவு ஆய்வு பொடியைக் கொண்டது, எண்ணெயைக் கொண்டதன்று. எண்ணெய் மிகச் செறிந்த பொருள். நூறு பங்கு கறுவாப் பட்டையினின்று ஒரு பங்கு அளவே எண்ணெய் பெறப்படும் என எண்ணினால் அதன் கடுமை விளங்கும். சின்னமால்டிகைடு தோல் ஒவ்வாமையை எழுப்புவதிற் பேர்பெற்றது. கலவாத எண்ணெயைத் தோலிலோ வாயிலோ இடின் எரிபுண் உண்டாகும். பட்டையை மெல்லுங்கால் தோன்றும் காரமும் இவ்வியல்பின் சிறுவடிவமே. வலியுணர்த்தும் நரம்பு வாயில்களுள் ஒன்றைச் சின்னமால்டிகைடு திறந்துவிடுகின்றது என்பதை 2004-இல் ஆய்வாளர் காட்டினர்.

8. முடிபு

மேற்கூறியவற்றால் தெளிவன மூன்று. பட்டை எனத் தமிழில் ஒரு பெயரால் வழங்குவன இரு பொருள்கள் என்பது ஒன்று. அவை மணத்தால் நெருங்கியும் கூமாரினளவால் விலகியும் நிற்பன என்பது இரண்டு. எண்ணெய்க்கும் பட்டைக்கும் பயன் ஒன்றெனக் கொள்ளல் பிழை என்பது மூன்று.

பெயரைக் காத்தல் பொருளைக் காத்தலாகும் என்பதை அண்டை நாட்டார் உணர்ந்துள்ளனர். ‘சிலோன் சின்னமன்’ என்னும் பெயர்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் காப்பினை இலங்கை 2022-இல் பெற்றது. தமிழில் நாம் புதுச்சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. மெய்க்கறுவாவுக்குக் கறுவா எனவும், மருத்துவ வழக்கிற் சன்ன இலவங்கப்பட்டை எனவும் சொற்கள் உள்ளன. ஏனையவற்றைக் காசியாப்பட்டை எனலாம். கிராம்புக்குக் கிராம்பு என்னும் ஐயமற்ற பெயர் வழக்கில் உள்ளமையின், தனித்து நிற்கும் ‘இலவங்கம்’ என்னும் சொல்லைப் பழநூற்பொருள் விளக்கத்திற்கே ஒதுக்கிவிடுதல் நன்று. அகராதி தொகுப்போரும் பாடநூல் எழுதுவோரும் உணவுப் பொட்டலங்களுக்குத் தமிழ்ப் பெயர் வகுப்போரும் இவ்வேறுபாட்டைக் கைக்கொள்ளின், துறைமுகத்தில் எண்ணாக நிற்கும் தெளிவு கடைத்தெருவிலும் சொல்லாக நிற்கும். புலவர் செய்யத்தகும் மருத்துவம் இது.